அலுமாரிக்கு ஒரு வழி

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "பேரை எதுக்குண்ணே போட்டீங்க? அது அங்க என்ன வேலை செய்யுது?" என்று கேட்பதற்காகவே கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். என் தளபாடக் கடையில் நான்கு வருஷம் வரைபடம் போட்டவள். வேலையாட்கள் அவளை மிஸ் என்பார்கள். நான் தங்கச்சி என்பேன், எரிச்சல் வந்தால் ஏம்மா என்பேன். அந்த நான்கு வருஷத்தில் ஏம்மாதான் அதிகம்.

கடை, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. சமையலறைக்கான பென்ரி தட்டுகள், அலுமாரி, கட்டில், கந்தோர்களுக்கு எழுத்து மேசை எல்லாம் செய்வோம். இந்தத் தொழிலில் வரைபடம் போடுகிறவர்கள் வாடிக்கையாளரைப் பார்த்ததும் முதலில் கேட்பது அளவு. நீளம் என்ன, அகலம் என்ன, இழுத்துத் திறக்கிற லாச்சி எத்தனை. இவளும் அளவு நாடாவைக் கையில் வைத்திருப்பாள், ஆனால் இழுக்கமாட்டாள். ஒரு சாதாரணச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை வீட்டில் எப்படியெல்லாம் சொல்வீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவள் சேர்ந்த முதல் வாரமே பேராதனையிலிருந்து, சமையலறைக்குத் தட்டு போடவேண்டுமென்று ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை.

"மேலை நாலு தட்டு, கீழை ரெண்டு லாச்சி. அவ்வளவும் காணும்," என்றார் ரீச்சர்.

"சரிங்க ரீச்சர். 'வைக்கிறது'ன்னு உங்க வீட்டுல எதுக்கெல்லாம் சொல்வீங்க?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உலை வைப்பன். விளக்கு வைப்பன். பிள்ளையளுக்குப் பேர் வைச்சம். வேறை என்ன... அவருக்குச் சோறு எடுத்து வைப்பன்."

"எங்க வைப்பீங்க?"

"மேசையிலைதான். பூனை தட்டாமல் மூடி வைக்கிறது. சிலநேரம் அவர் களைச்சு வந்து, அதைப் பாக்காமலே படுத்திடுவார்."

கடைசியில் ரீச்சர் கேட்ட நான்கு தட்டும் இரண்டு லாச்சியும் வந்தன. கூடவே, சமையலறைக்குள் நுழையும் இடத்தில் கண்ணுக்கு நேராக, வலைக்கதவு போட்ட ஒரு சின்னப் பெட்டித் தட்டு. ஒரு சோற்றுப் பீங்கான் மட்டும்தான் வைக்கலாம். உள்ளே போகிறவன் அதைப் பார்க்காமல் போக முடியாது. இரண்டு கிழமை கழித்து ரீச்சர் தொலைபேசியில் அழைத்து, "அவர் இப்ப சாப்பிட்டிட்டுத்தான் படுக்கிறார்" என்றார். அவர் சொல்லி இன்னும் மூன்று வீடுகள் எங்களுக்கு வந்தன. உடனே நானும் வருகிறவர்களிடமெல்லாம், "எங்கட மிஸ் வேற மாதிரி யோசிக்கிற ஆள்" என்று என்னமோ நானே யோசித்த மாதிரி பெருமையடித்தேன்.

அந்தப் பெருமை ஹார்ட்வெயார் முதலாளி ஒருவர் வரும்வரைதான் இருந்தது. கடைக்கு ஒரு கவுண்டர் மேசை வேண்டுமென்று கேட்ட மனிதரிடம் இவள் 'பார்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்கள் சாமானைப் பார்க்கிறார்கள், பார்த்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறார்கள், ஒருவரையொருவர் முறைத்தும் பார்க்கிறார்கள். இதில் எந்தப் பார்வைக்கு மேசை வேண்டும் என்று கேட்டு, இரண்டு நாள் அவர் கடையிலேயே போய் நின்றாள். மூன்றாம் நாள் முதலாளியே நேரில் வந்துவிட்டார்.

"இந்தாங்க, எனக்கு மேசதான் வேணும். ஓதித் தார வேலையெல்லாம் வேணாம்," என்றார். ஓடர் போய்விட்டது. நான் அன்றைக்கு அவளிடம் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதுவும் நடக்காத மாதிரி தன் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தினசரிக் கலண்டரில் கிழிக்கிற தாள்கள். மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்திலிருந்த அவள் வீட்டில் கிழித்தது, எங்கள் கடையில் கிழித்தது, பக்கத்து ஹோட்டலில் கேட்டு வாங்கியது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அல்லவா, அதில் ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம் எழுதுவாள். யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதும் கீழே இருக்கும். 'பஸ்ஸில், கொண்டக்டர்.' 'மார்க்கெட்டில், மீன் வாங்கிய அம்மா.' ஒரு சொல்லுக்கு முப்பது தாள் சேர்ந்தால் இறப்பர் வளையம் போட்டுக் கட்டுவாள். பிறகுதான் பென்சிலை எடுப்பாள். அகராதி பார்த்தால் அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலைக்கு ஏன் இந்தப் பாடு என்று ஒரு தடவை கேட்டேன். "அகராதியில ஆள் இல்லியேண்ணே," என்றாள். எனக்கு அப்போது அது திமிராகப் பட்டது.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றும் இருந்தது. ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், ஆட்கள் காத்திருக்கிற இடத்துக்குப் பெஞ்சு போடக் கேட்டார்கள். அங்கே 'இரு' என்ற சொல்லுக்குத் தாள் சேர்த்தாள். கவுண்டரில், 'இருங்க, கூப்பிடுவோம்.' தாதி, 'கூட யாரு இருக்கீங்க?' ஒரு பெண், 'இனி எத்தனை நாளைக்கு இருப்பாரு?' இந்தக் கடைசித் தாளுக்காக அவள் ஒரு பெஞ்சை மட்டும் மற்றவர்களுக்கு முதுகு காட்டி, ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரிப் போட்டாள். அழவேண்டி வருகிறவர்கள் அங்கே போய் உட்காரலாம் என்று அதற்கு விளக்கம் வேறு சொன்னாள். நிலையத்துக்காரர் அந்தப் பெஞ்சைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் சத்தம் போட்டேன். "ஏம்மா, நல்லதா நாலு அர்த்தம் இருக்கையில, அந்தக் கெட்டதையும் கட்டாயம் தூக்கிட்டு வரணுமா?"

"கெட்டதை விட்டுட்டு நல்லதுக்கு மட்டும் செஞ்சா அது பாதிச் சாமான்தானேண்ணே. பாதிக்கு நம்ம கடையில கூலி வாங்குறதில்லியே."

எந்தச் சொல்லிலும் ஆட்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஓர் இடம் இருக்கும். இவள் நேராக அங்கேதான் போய் நிற்பாள். பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

என் அம்மாவுக்கு மட்டும் அது சங்கடமாக இல்லை. அப்போது கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் குடியிருந்தோம். பத்து மணிக்கு அம்மாதான் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவருவார். மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, கடைசிக் கோப்பையோடு அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அவளும் லயத்துப் பிள்ளை. இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று நான் காது கொடுத்ததில்லை. சீவுளி மெஷின் சத்தத்தில் கேட்கவும் கேட்காது.

எங்களுக்கு மேலே உள்ள தெருவில், மாடிவீட்டில் ஒரு முதியவர் இறந்துபோனார். வெளிப்பக்கம் வைத்த சுழற்படி. படுத்தவாக்கில் கொண்டுவர முடியவில்லை. ஒரு கதிரையில் உட்கார வைத்து, சீலையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். தலை ஒவ்வொரு படிக்கும் ஆடியது. அம்மா அதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"லயத்துல என்ன வசதி இருந்துச்சு, ஒண்ணுமில்ல. ஆனா வாசலு நேரா இருந்துச்சு தம்பி. படுத்தமேனிக்குத்தான் வெளிய போனாங்க. இங்கதான் செத்தவங்களயும் உக்கார வச்சுத் தூக்குறாங்க. என்னைய மட்டும் அப்புடி..."

"அம்மா! வாயைக் கழுவுங்க," என்றேன்.

காரணம் இருந்தது. அந்தக் கிழமைதான் கடைக்கு மேலே எங்கள் வீட்டைக் கட்ட ஆரம்பித்திருந்தோம். எங்கள் குடும்பத்தில் வீட்டு வேலை தொடங்கிய நாளிலிருந்து பால் காய்ச்சுகிற நாள்வரை சாவு, நோய் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. இல்லை, தீர்ந்தது என்றுகூடச் சொல்லமாட்டோம். சீமெந்து தீர்ந்துபோனால் 'சீமெந்து நெறைஞ்சிருச்சு' என்போம். அதைப் புரிந்துகொண்டு யாராவது போய் வாங்கிவருவார்கள். அப்பா காலத்துப் பழக்கம். நானும் அதில் கறார். அம்மா சொல்லவந்ததை முழுங்கிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மேல்வீட்டின் படிக்கும் கதவுகளுக்கும் வரைபடம் அவள்தான் போட்டாள். கடைக்குள்ளிருந்து மேலே போகிற படியை நேராக, நாலரை அடி அகலத்தில் வரைந்திருந்தாள். அந்தப் படி வந்தால் பெரிய வாள் மெஷின் வைக்கிற இடம் முழுக்கப் போய்விடும்.

"ரெண்டரை அடி போதும்மா. மூலையில வளைச்சு விடு."

அவள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். சொல், 'இறங்கு.' வேலையாட்கள் ஐந்தாறு பேர் நிற்க, ஒவ்வொன்றாக வாசித்தாள். "'பஸ் நிக்க முன்னாடி எறங்காதீங்க.' அப்ப அவசரமா எறங்குறவங்க இருக்காங்க. 'லொறியில சாமான் எறக்கணும்.' காஸ் சிலிண்டர் மேல போய் வரணும். 'காய்ச்சல் எறங்கல.' அப்ப நோயாளியப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு சேந்து எறங்கணும். 'அவருக்கு ஒரு வாய் தண்ணி எறங்கல.' இது கடைசி நேரத்துல சொல்றது. அதுக்குப் பெறகும் ஒருக்கா எறக்கணும்ணே. அம்மாவுக்கு இப்ப எழுவத்..."

"ஏய்!" என்று கத்தினேன். அவளை அதுவரை நான் 'ஏய்' என்றதில்லை. "கட்டுற வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற? வெளிய போ!"

வேலையாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் தாள்களை அடுக்கி வளையத்தைப் போட்டாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். அம்மா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தாள். புது வரைபடம். நான் கேட்டபடியே இரண்டரை அடிப் படி, மூலையில் வளைவு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சின்னச் சின்ன மாற்றங்கள் இரண்டு இருந்தன. அம்மாவின் அறையிலிருந்து பின்பக்க வராந்தாவுக்கு இரட்டைக் கதவு.

"அம்மாவுக்குக் காத்து வரும்ணே."

"சரி."

எங்கள் வீட்டின் பின்புறம் மலைப்பக்கம். மேல்வீட்டு வராந்தாவும் மேலே உள்ள தெருவும் ஏறக்குறைய ஒரே மட்டம். இடையில் மழைத்தண்ணீர்க் கான் ஓடுகிற மூன்றடி இடைவெளி மட்டும்தான். அந்தப் பக்கம் ஒரு வாசல் வைக்கலாம் என்று அவள் முன்பே சொல்லி, கள்ளன் வர வசதி செய்கிறாயா என்று நான் மறுத்திருந்தேன். இப்போது வாசல் இல்லை. வராந்தா முழுக்க இரும்புக் கம்பித் தடுப்பு. ஆனால் நடுவில் நாலரை அடித் துண்டு ஒன்றை மட்டும், வெல்டிங் செய்யாமல் எட்டு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லி எழுதியிருந்தாள்.

"இது எதுக்கு?"

"அலுமாரி கொண்டு வரணும்லண்ணே. உங்க படியில அது திரும்பாது."

நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பால் காய்ச்சினோம். அவளும் வந்து ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் கொழும்பில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவளுக்குப் பிறகு வந்த ஆள் கணினியில் மளமளவென்று படம் போட்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓடர்கள் சீக்கிரம் முடிந்தன. பத்து மணிப் பிளேன்டீ கொடுத்துவிட்டு அம்மா நேராக மேலே போய்விடுவார்.

போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தவறிவிட்டார். தூக்கத்திலேயே. அம்மாவை எடுத்துப்போக மலர்ச்சாலைக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து படியில் ஏறிப் பார்த்தார்கள். வளைவில் நின்று கையால் அளந்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் மெதுவாக என்னிடம் சொன்னார். "நேரா கொண்டு போக ஏலாதுங்க. ஒரு கதிரை குடுங்க. ஒரு சீலையும் வேணும்."

என் மனைவி அழுதுகொண்டே அம்மாவின் சீலை ஒன்றை எடுத்து வந்தாள். கதிரையை நானே கொண்டுவந்து வைத்தேன். என் கடையில் செய்த கதிரை. அம்மா முழுங்கின வார்த்தை அப்போதுதான் என் காதில் விழுந்தது. என்னைய மட்டும் அப்புடி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று அந்தப் படியை வளைத்தவன் நான்தான்.

அந்த நேரம் கடையின் வெல்டிங் பாஸ் மேலே வந்தார். கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். சிங்களவர், இருபது வருஷமாக எங்களோடு இருப்பவர், தமிழ் பேசுவார். கதிரையைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார்.

"மாத்தயா, என்ன இது? அந்தப் பக்கம் களட்ட ஏலும் தானே?"

"எந்தப் பக்கம்?"

"பின்னுக்கு. ரேலிங். மிஸ் சொன்னது, அது வெல்ட் போட வேணாம், போல்ட் மட்டும். நாந்தானே போட்டது."

பெயின்ட் மூன்று தடவை அடித்து போல்ட் எல்லாம் மூடிப்போயிருந்தது. பாஸ் ஸ்பானர் சாவியைப் போட்டுத் தட்டித் தட்டித் திறந்தார். எட்டையும் கழற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடையிலிருந்து மூன்று பலகை ஏற்றி, கானுக்கு மேலே தெருவரை போட்டோம். இரட்டைக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தால், அம்மாவின் கட்டிலிலிருந்து தெருவரை ஒரே கோடு. ஒரு திருப்பம் இல்லை. அம்மா படுத்தபடியே போனார். ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்ததும் அதே வழியாகத்தான், மஹியாவ மயானத்துக்கு எடுத்ததும் அதே வழியாகத்தான். கூட்டத்தில் யாரோ, "வீட்டை நல்லா யோசிச்சுக் கட்டியிருக்கார்" என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் இன்னொன்றும் உறைத்தது. நான் அலுமாரி செய்கிறவன். எங்கள் கடையில் எந்த அலுமாரியையும் முழுசாகத் தூக்குவதில்லை. பக்கம் பக்கமாகக் கழற்றி ஏற்றி, வீட்டுக்குள் வைத்துத் திரும்பப் பொருத்துவோம். எந்தப் படியிலும் அது திரும்பும். எங்கள் வீட்டு அலுமாரியும் அந்தப் படியால்தான் மேலே வந்தது. கடைக்காரனிடமே அலுமாரிக் கதை சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா போன செய்தி கேட்டு முதலில் அழுதாள். பிறகு எப்படிப் போனார் என்று அவளே கேட்டாள்.

"நேரா போனாங்க தங்கச்சி. படுத்தமேனிக்கு."

"ரெண்டு கதவும் முழுசாத் தெறந்துச்சாண்ணே?" என்றாள். தெறந்தது என்றேன்.

"அம்மா உங்கிட்ட சொல்லியிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"பிளேன்டீ கொண்டு வரப்பல்லாம் சொல்வாங்கண்ணே. 'தம்பி கேக்க மாட்டேங்குது, நீயாச்சும் பாரு'ன்னு."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். வெளிய போன்னீங்க."

"அதுக்கு அலுமாரியா? நான் கண்டுபிடிச்சிருந்தா?"

"கண்டுபிடிக்க மாட்டீங்க. சீமெந்து நெறைஞ்சிருச்சுன்னு சொன்னா எழும்பிப் போய் சீமெந்து வாங்குற ஆளு நீங்க. அப்புடி நீங்க காதுல வாங்குற சொல்லா ஒண்ணு வேணும்னு தேடினேன். ரெண்டு நாளு ஆச்சுண்ணே."

மறுநாள் பின்னேரம் பாஸ் வந்தார். ஒரு மாதமாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பித் தடுப்பைத் தூக்கி அதன் இடத்தில் நிறுத்தினார். கள்ளன் பயம் இருக்கிறதே, இனி வெல்டிங் செய்துவிடலாமா என்று கேட்டார். என் மனைவி விளக்கேற்றத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம் பாஸ். போல்ட்டே இருக்கட்டும்," என்றேன். "அடுத்தது நான் போகவேண்டிய வழி."

"விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது! வாயைக் கழுவுங்க," என்றாள் மனைவி.

நான் பாஸிடமிருந்து கிரீஸ் டப்பாவை வாங்கி, எட்டு போல்ட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பூசிக் கொடுத்தேன்.